முத்துசாமி எந்தக் கணக்கில் வருகிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியாவுக்கு எதிரான குவாஹாட்டி டெஸ்டில் தென்னாப்பிரிக்காவின் செனுரன் முத்துசாமி 109 ரன் அடித்ததும் நம் விளையாட்டுப் பக்கங்கள் அவரை 'நாகப்பட்டினத்து வாரிசு' ஆக்கிவிட்டன. பெருமைப்படட்டும், தவறில்லை. ஆனால் டர்பனில் பிறந்த அவரை அவருடைய நாடு எந்தக் கணக்கில் வைத்திருக்கிறது என்பதை யாரும் எழுதவில்லை. 'கோட்டா அணி' என்று போகிற போக்கில் எழுதுவதும் நிற்கவில்லை.

தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வாரியம் 2016இல் வகுத்த இலக்கு இது: ஆடும் 11 பேரில் சராசரியாக 6 பேர் வெள்ளையர் அல்லாதவர், அந்த 6இல் 2 பேராவது கறுப்பின ஆப்பிரிக்கர். இந்திய வம்சாவளியினரான முத்துசாமியும் கேசவ் மகராஜும் 6இல் சேர்வார்கள், 2இல் சேரமாட்டார்கள். நமக்குத் தமிழர்; அங்கே அந்த ஆறில் ஒருவர்.

'சராசரி' என்ற சொல்லைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். சீசனில் 10 ஆட்டம் என்றால் மொத்தம் 110 இடம், அதில் 60 நிரம்ப வேண்டும். ஒரு நாள் 4 பேர் ஆடினால் இன்னொரு நாள் 8 பேர் ஆடி ஈடுகட்டலாம். 2025 ஜூனில் லார்ட்ஸில் டெஸ்ட் சாம்பியன்ஷிப்பை வென்ற அணியில் பவுமா, ரபாடா, மகராஜ், எங்கிடி என வெள்ளையர் அல்லாதவர் 4 பேர்தான். இலக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் கட்டாயம் என்றிருந்தால் அந்த அணி களமிறங்கியே இருக்க முடியாது.

கோளாறு வேறு இடத்தில். எண்ணுவது உச்சியில், தேசிய அணியில்; ஆட்கள் வருவதோ குறுகிய வழியில். ரபாடா செயின்ட் ஸ்டிதியன்ஸ், எங்கிடி ஹில்டன். இரண்டுமே கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகள். இன்னொன்றையும் கவனியுங்கள்: கறுப்பின ஆப்பிரிக்கர்களான மக்காயா நிட்டினி, ரபாடா, எங்கிடி மூவருமே வேகப்பந்து வீச்சாளர்கள். தென்னாப்பிரிக்காவுக்காகக் கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவரின் முதல் டெஸ்ட் சதம் 2016 ஜனவரியில், பவுமா அடித்தது. நிறவெறிக் கொள்கைக்காக இருந்த சர்வதேசத் தடை 1991இல் நீங்கி 24 ஆண்டு கழித்து! வேகமாக வீசப் பந்தும் ஓடிவர இடமும் இருந்தால் ஆரம்பிக்கலாம். பேட்டிங்குக்கு மட்டை, கால்காப்பு, கிளவுஸ் என்று செலவு. அதைவிட முக்கியம் டர்ஃப் வலை, அதாவது புல்தரை பிட்ச்சில் வலைப்பயிற்சி. சிமென்ட் தளத்தில் மேட் விரித்து ஆடிப் பழகியவனுக்குப் பந்து எப்போதும் ஒரே சீராக எழும்பும். அதை நம்பி முன்காலை நீட்டுவான். புல் விட்ட பிட்ச்சில் அதே பந்து தையலில் குத்தி ஒரு விரற்கடை விலகும், ஸ்லிப்பில் கேட்ச்.

இதற்கிடையே சந்தேகம் மட்டும் ஆட்டக்காரர் தலையில் விடிகிறது. 224 டெஸ்ட் விக்கெட் எடுத்த ஃபிலாண்டரே 2015 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆடியதற்காக 'கோட்டாவில் வந்தவர்' என்ற பேச்சைக் கேட்டார். முத்துசாமியை அப்படிச் சொல்ல ஆள் கிடைப்பது கடினம். 2019இல் விசாகப்பட்டினத்தில் அறிமுகமாகி, முதல் விக்கெட்டாகக் கோலியை எடுத்தும், அணியில் நிலைக்க அவருக்கு ஆறு வருடம் பிடித்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகப்பட்டினம்.