பணம் கட்டும் முன் அந்த 13 பக்கத்தைப் படியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘இரண்டே நாளில் ஸ்க்ரம் மாஸ்டர் ஆகலாம்’ என்கிற ரீதியில் பயிற்சி மைய விளம்பரங்கள் உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. ஸ்க்ரம் என்பது மென்பொருள் குழுக்கள் வேலை செய்யும் ஒரு முறை; குழு அதைச் சரியாகப் பின்பற்ற உதவுபவர்தான் ஸ்க்ரம் மாஸ்டர். நான் சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். மகனுக்கோ மகளுக்கோ கடன் வாங்கி இந்த வகுப்புக்குப் பணம் கட்டப் போகிற பெற்றோரும் உங்கள் வாசகர்கள்தான். அவர்களுக்காகவே இந்தக் கடிதம்.

மென்பொருளை ஒரு வருடம் உட்கார்ந்து மொத்தமாக எழுதிக் கொடுக்காமல், இரண்டு வாரத்துக்கோ ஒரு மாதத்துக்கோ ஒருமுறை ஓடுகிற நிலையில் ஒரு துண்டைக் கொடுத்து, வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போவதுதான் அஜைல். அதில் அதிகம் புழங்குவது ஸ்க்ரம் முறை. அதை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் அதன் விதிகளை எழுதி இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டுப் பதிப்பு, அட்டை நீங்கலாக 13 பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படித்து முடித்துவிடலாம்.

ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழ் தருவதில் இரண்டு அமைப்புகள் முக்கியமானவை. ஸ்க்ரம் அலையன்ஸிடம் வாங்க வேண்டுமென்றால் அவர்கள் அங்கீகரித்த பயிற்றுநரின் வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். பிறகு 50 கேள்வி. 37 சரியாக இருந்தால் பாஸ். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 100 டாலர் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஷ்வேபரே சான்றிதழ் விஷயத்தில் ஒத்துப்போகாமல் 2009இல் வெளியேறி ஸ்க்ரம்.ஆர்க் என்று தனியாக ஆரம்பித்தார். அங்கே வகுப்பு கட்டாயமில்லை. தேர்வுக் கட்டணத்தைக் கட்டி வீட்டிலிருந்தே எழுதலாம். 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுக்க வேண்டும், அதனால் சற்றுக் கடினம். ஆனால் வாங்கிய சான்றிதழ் காலாவதியாவதில்லை. இந்த வித்தியாசத்தை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. சொன்னால் வகுப்புக்கு யார் வருவார்கள்?

புராஜெக்ட் மேனேஜர்களுக்காக பி.எம்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் பி.எம்.பி. தேர்வையும் 2021 ஜனவரியில் மாற்றி, ஏறக்குறைய பாதியை அஜைலோ அது கலந்த முறைகளோ சார்ந்ததாக ஆக்கினார்கள். ஆனால் பட்டதாரியாக இருந்தாலும் மூன்று வருடம் புராஜெக்டை வழிநடத்திய அனுபவத்தைக் காட்ட வேண்டும். கல்லூரி முடித்த கையோடு அதற்குப் பணம் கட்டச் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, சான்றிதழ் வாங்கியவர் குழுவுக்கு வந்தால் என்ன நடக்கிறது? எங்கள் குழுவுக்கு ஒரு தம்பி வந்தார். கெட்டிக்காரர், முதல் முயற்சியிலேயே பாஸ் செய்தவர். கட்டணத்தைத் தவணையாகக் கட்டும் வசதி வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார். தம்பி அதை, வேலைகளைப் பட்டியலிட்டுக் கண்காணிக்கும் ஜிரா என்ற மென்பொருளில் நான்காகப் பிரித்தார்: டேட்டாபேஸ், பின்னால் ஓடும் புரோகிராம், ஸ்க்ரீன், டெஸ்டிங். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் முதல் மூன்றும் முடியாமல் என் கைக்கு எதுவும் வராது. இரண்டாவது வாரம் வியாழன் மாலை மொத்தமாக வந்து விழுந்தது. வெள்ளி காலை பதினொரு மணிக்கு வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்டும் டெமோ. அன்று ராத்திரி யார் தூங்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

பிரிக்க வேண்டிய விதம் வேறு. ஒரே ஒரு வங்கியின் கார்டு, இரண்டே தவணை, ரத்து செய்யும் வசதி இப்போதைக்கு வேண்டாம். ஆனால் ஸ்க்ரீனிலிருந்து டேட்டாபேஸ் வரை அந்தச் சின்னத் துண்டு முழுசாக ஓட வேண்டும். அப்படிச் செய்திருந்தால் மூன்றாம் நாளே எனக்கு வேலை வந்திருக்கும், தப்பு அப்போதே தெரிந்திருக்கும். அடுத்த வங்கி, மூன்றாவது தவணை எல்லாம் அப்புறம். தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். தினசரிக் கூட்டம் எத்தனை நிமிடம் என்று தேர்வில் கேட்பார்கள், அவரும் பதினைந்து என்று சரியாகவே எழுதியிருப்பார். எங்கள் மேனேஜர் அதே கூட்டத்தில் ஒவ்வொருவரையும் நிற்கவைத்து நாற்பது நிமிடம் கணக்குக் கேட்கும்போது அவரை எப்படி நிறுத்துவது என்பதற்குக் கேள்வித்தாளில் இடமில்லை. டூ வீலர் லைசென்ஸ் வாங்கக்கூட ஆர்.டி.ஓ. முன்னால் எட்டு போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது; இங்கே கேள்விக்குப் பதில் எழுதுவதோடு தேர்வு முடிந்துவிடுகிறது.

சான்றிதழே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ரெஸ்யூமில் அந்த எழுத்துகள் இல்லையென்றால் பல ஹெச்.ஆர்.கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வேலை போய் வீட்டில் இருப்பவரிடம் போய்த் தத்துவம் பேச முடியாது. வேண்டுமென்றால் செலவு குறைந்த வழியில் வாங்குங்கள், அவ்வளவுதான். அதை மட்டும் நம்பி ஒரு தொழிலையே தேர்ந்தெடுப்பது வேறு விஷயம். அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கி 2023 ஜனவரியில் அஜைல் பணிகள் என்று தனியாக வைத்திருந்த 1,100க்கும் மேற்பட்ட இடங்களை ஒரேயடியாக நீக்கிவிட்டது. அந்த வேலையை இன்ஜினியர்களும் பிராடக்ட் மேனேஜர்களும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள்.

பயிற்சி மையங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். எந்த அமைப்பின் சான்றிதழ், கட்டணத்தில் தேர்வுப் பணம் சேர்ந்திருக்கிறதா, புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்பதை விளம்பரத்திலேயே போடட்டும். நீங்களும் விளம்பரம் வாங்கும்போது இதைக் கேட்கலாம். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சான்றிதழ் எண்ணைச் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல், ஒரு பெரிய வேலையைக் கொடுத்து ‘இதை இரண்டு வாரத்துக்கு எப்படிப் பிரிப்பீர்கள்?’ என்று கேட்கட்டும். பத்து நிமிடம் போதும். முடிந்தால் அந்த அறையில் ஒரு டெஸ்டரையும் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனையாளர் (பெயர் வெளியிட வேண்டாம்),
சோழிங்கநல்லூர், சென்னை.