தமிழ் முகவரியில் இரட்டை எழுத்துகள்

ஆசிரியருக்கு,

இணைய முகவரிகள் '.இலங்கை', '.இந்தியா' என்று தமிழிலேயே முடியத் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேலாகிறது. அவற்றில் ஓர் ஆபத்து இருக்கிறது. 'ஸ்ரீ'யை 'ஸ'வில் தொடங்கியும் தட்டலாம், 'ஶ'வில் தொடங்கியும் தட்டலாம். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வெவ்வேறு முகவரிகள். 'ஔ'வும், 'ஒ'வை அடுத்து 'ள' தட்டுவதும் அப்படித்தான். 'ஸ்ரீ' என்று தொடங்கும் நகைக்கடையின் பெயரை இன்னொருவர் மற்ற வடிவத்தில் பதிந்து போலித் தளம் நடத்தினால் வாடிக்கையாளர் பணத்தை இழக்கக்கூடும். ஒன்று பதிவானதும் மற்றதைப் பிறருக்குத் தராமல் பூட்டிவைப்பதே தீர்வு.

இந்த நுணுக்கம் தமிழ் படிக்கிறவருக்கே புலப்படும். முகவரி விதிகளை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு, வரைவுகளைப் பொதுக் கருத்துக்கு வைத்து வழக்கமாக 40 நாள் அவகாசம் தருகிறது. கட்டணம் கிடையாது, யாரும் எழுதலாம். சாதாரணப் பயனாளர்கள் சார்பில் பேச 15 பேர் குழுவும் அங்கே உண்டு. பொதுவான ஆதரவோ எதிர்ப்போ அங்கு எடுபடாது. எந்த எழுத்து, அதன் யூனிகோடு எண் (கணினி அந்த எழுத்தை அடையாளம் காணும் எண்) என்ன, எந்த எழுத்துருவில் குழப்பம் என்று கணினித் திரையைப் படம்பிடித்துக் காட்ட வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் கணினித் துறைகளும் சேர்ந்து அடுத்த வரைவுக்கே இதை எழுதலாமே.

— வாசகர், மதுரை