மில் கணக்கைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது பற்றி

செங்கோட்டை,
ஆனி மாதம்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. கொழிஞ்சாம்பாறையில் கணவாய்க் காற்று கூரை ஓடுகளைத் தூக்குகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே நாலு நாளாகச் சாரல் விடவில்லை, புளியரைப் பக்கம் மலையே கண்ணில் படவில்லை. தங்கச்சிக்குக் கைவலி தேவலையா? மகள் சித்தூரிலேயே காலேஜில் சேர்ந்தது எனக்கும் ஆறுதல், தினம் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து டேட்டாபேஸ் மொழியான ஃபாக்ஸ்ப்ரோ 2.6-இல் எழுதிய மில் கணக்கை விண்டோஸ் 11-இல் திறந்தால் ‘இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது’ என்று வருகிறது, கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று என்கிறாய். அந்தப் பக்கத்தை இனித் தொடவே வேண்டாம். அங்கே எதைத் தேர்ந்தெடுத்தாலும் பலன் இருக்காது. 1985-இல் வந்த 386 சிப்பில், தனக்குள்ளேயே ஒரு பழைய 8086 சிப்பைப் போல நடிக்கும் வசதி இருந்தது. 32 பிட் விண்டோஸில் இருந்த என்டிவிடிஎம் என்ற பகுதி அதை வைத்துத்தான் டாஸ் புரோகிராம்களை ஓட்டியது. சிப் 64 பிட் முறையில் ஓடும்போது அந்த வசதி கிடையாது. அதனால் எந்த 64 பிட் விண்டோஸிலும் மைக்ரோசாஃப்ட் அந்தப் பகுதியை வைக்கவில்லை. விண்டோஸ் 10-இன் 32 பிட் பதிப்பில் ‘லெகஸி காம்பொனன்ட்ஸ்’ என்ற இடத்தில் அது இருந்தது. ஆனால் 2025 அக்டோபர் 14-உடன் அந்த விண்டோஸுக்கான ஆதரவே முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. அந்த வழி அடைபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்.

மிச்சம் இருப்பது எமுலேட்டர், அதாவது பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் புரோகிராம். எல்லாரும் டாஸ்பாக்ஸ் என்பார்கள். அது விளையாட்டுகளுக்காகச் செய்தது, அதில் அச்சடிக்கும் வசதியே கிடையாது. இன்னொரு ஆபத்தும் உண்டு: கன்ட்ரோலும் எஃப்9-உம் சேர்த்து அழுத்தினால் ஒரு வார்த்தை கேட்காமல் மூடிவிடும். ஃபைல் திறந்திருக்கும்போது அப்படி மூடினால், பதிவுகளை வரிசைப்படுத்தித் தேட உதவும் இன்டெக்ஸ் கெட்டுப்போகும். கணக்கு வேலைக்கு அதன் கிளையான டாஸ்பாக்ஸ்-எக்ஸ்தான் சரி. பிரிண்டர் போர்ட், ஃபைல் லாக்கிங், எத்தனை ஃபைல் திறக்கலாம் என்ற எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கின்றன. வரிவரியான அமைப்புகளை ஆங்கில எழுத்தில் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எதை எதற்குப் போட்டேன் என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் பழைய ஹார்ட் டிஸ்க். பெட்டி இன்னும் உயிரோடு இருக்கும்போதே ஐடிஇ டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, மில் ஃபோல்டரை முழுசாக நகலெடு, பிறகு டிஸ்க்கைப் பெட்டியில் திரும்ப மாட்டிவிடு. டேட்டா இருக்கும் டிபிஎஃப் ஃபைல் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதே. அதே பெயரில் சிடிஎக்ஸ், எஃப்பிடி, எம்இஎம் ஃபைல்கள் இருக்கும், அவையும் வேண்டும். எஃப்பிடி விட்டுப்போனால் குறிப்புப் பகுதி உள்ள டேபிள் திறக்கவே திறக்காது. சிடியில் எழுதி வைத்த நகலிலிருந்து எடுத்தால் ஃபைல்கள் ‘படிக்க மட்டும்’ என்று பூட்டி வரலாம். அப்படி வந்தால் புரோகிராம் ஓடும், பட்டியல் காட்டும், புதுப் பதிவு சேர்க்கும்போது மட்டும் மறுக்கும். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் அந்த டிக்கை எடுத்துவிடு. நகல் இரண்டு போடு. ஒன்றைத் தொடாமல் பூட்டி வை, இன்னொன்றில் வேலை செய்.

எமுலேட்டருக்கு உன் சி டிரைவ் முழுவதையும் காட்டாதே. டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு அதை மட்டும் எமுலேட்டருக்கு ‘சி’ டிரைவாகக் காட்டு, இதற்கு மவுண்ட் என்று பெயர். டாஸ் காலத்துப் புரோகிராம்கள் சில, காலியிடம் 2 ஜிபிக்கு மேல் இருந்தால் எண்ணைத் தப்பாகப் படித்து ‘டிஸ்க்கில் இடமில்லை’ என்று நின்றுவிடும். 500 ஜிபி காலியாகக் கிடக்கையில் அதைப் பார்த்தால் குழப்பமாக இருக்கும். மவுண்ட் வரியின் முடிவில் ஃப்ரீசைஸ் 200 என்று சேர்த்தால் 200 எம்பி மட்டும் காட்டும், சிக்கல் தீரும். மெமரி 16 எம்பியே இருக்கட்டும், கூட்டுவதால் லாபம் இல்லை. ஃபோல்டர் பெயர் எட்டெழுத்துக்குள் இருக்க வேண்டும். ‘ரைஸ்மில் கணக்கு 2009’ என்று நீளமாக வைத்தால் டாஸுக்கு அது நடுவில் வெட்டி, அலைக்கோடும் 1-உம் ஒட்டிய பெயராகத்தான் தெரியும். புரோகிராமுக்குள் பாதையை எழுதி வைத்திருந்தால் அது தேடும் இடம் கிடைக்காது. எமுலேட்டர் ஓடும்போது விண்டோஸ் வழியாக அந்த ஃபோல்டரில் ஃபைல் போட்டால் உடனே தெரியாது. ரீஸ்கேன் என்று ஒரு கட்டளை உண்டு, அதைக் கொடுக்க வேண்டும்.

வட்டிக் கணக்குப் புரோகிராம் ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லி நின்றதாக எழுதியிருந்தாய். அது டர்போ பாஸ்கலில் எழுதியது, எனக்கு நினைவிருக்கிறது. அந்த மொழி தொடங்கும்போதே 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும். சிப் வேகமாக இருந்தால் ஈவு 16 பிட்டுக்குள் அடங்காது, அதைத்தான் வகுத்தல் பிழை என்று காட்டுகிறது. கணக்கிலோ டேட்டாவிலோ குற்றம் இல்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸின் சைக்கிள்ஸ் என்ற அமைப்பை ‘ஃபிக்ஸ்டு 10000’ என்று போட்டு வேகத்தைக் குறை, ஓடும்.

இதுவரை சொன்னது ஒரு மாலை வேலை. திரையில் வந்தவுடன் முடிந்தது என்று பழைய பெட்டியைக் கழற்றி விற்றுவிடாதே. பில் வெளியே வரும்வரை வேலை முடியவில்லை, ஏனென்றால் முக்கால்வாசிச் சிக்கல் பிரிண்டரில்தான் இருக்கிறது.

உன்னிடம் இருப்பது டாட் மேட்ரிக்ஸ். அதை மாற்றாதே, மூன்று நகல் கார்பன் பில்லுக்கு வேறு வழி கிடையாது. புரோகிராம் நேராக எல்பிடி1 என்ற போர்ட்டுக்கு அனுப்பும், புதுக் கம்ப்யூட்டரில் அந்த போர்ட்டே இல்லை. யுஎஸ்பியிலிருந்து பாரலலுக்குப் போகும் கேபிள் வாங்கினால் விண்டோஸுக்குப் பிரிண்டர் தெரியும், டாஸ் புரோகிராம் அந்த போர்ட்டைத் தேடும் 378 என்ற முகவரி வராது. அதனால் இப்படிச் செய்: டாஸ்பாக்ஸ்-எக்ஸில் முதல் பாரலல் போர்ட்டை ‘ஃபைல்’ என்று அமை. அச்சு எல்லாம் ஒரு ஃபைலில் போய் விழும். விண்டோஸில் பிரிண்டரை நிறுவி, எட்டெழுத்துக்குள், இடைவெளி இல்லாத பெயரில் ஷேர் செய். பிறகு அந்த ஃபைலை காப்பி கட்டளையில், சாய்கோடு பி சேர்த்து, லோக்கல்ஹோஸ்ட் வழியாக அந்தப் பெயருக்கு அனுப்பு. ‘பி’ கட்டாயம். அது இல்லாவிட்டால் 26 என்ற பைட் வரும் இடத்தை ஃபைலின் முடிவு என்று எடுத்துக்கொண்டு அதோடு நிறுத்திவிடும். இதைக் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் ஃபைலில் எழுதி, போர்ட் வரியிலேயே ‘ஓப்பன்வித்’ என்று இணைத்துவிட்டால் தானாக நடக்கும். அதே வரியில் டைம்அவுட் 3000 கொடு, அது மில்லிசெகண்ட் கணக்கு. குறைவாக வைத்தால், பெரிய ஸ்டாக் ரிப்போர்ட்டில் புரோகிராம் நடுவில் கூட்டல் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஃபைலை மூடிவிட்டு மிச்சத்தை வேறொரு ஃபைலில் போடும்.

அந்த ஃபைலை யாரும் நோட்பேடில் திறந்து அச்சடிக்கக் கூடாது. எழுத்து வரும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத கட்டளை பைட்கள் பிரிண்டருக்கே போய்ச் சேராது. 15 என்ற பைட் எழுத்தை நெருக்கும். அது இருந்தால் வரிக்கு 80 எழுத்து அடிக்கும் பிரிண்டரில் 132 எழுத்து அகல ரிப்போர்ட் அடங்கும். அது போய்விட்டால் நெல், அரிசி, குருணை வரைக்கும் ஒரு வரியில் வந்து, தவிடும் உமியும் அடுத்த வரியில் விழும்.

இன்னொன்றை உனக்கு அங்கேயே அடையாளம் தெரியும். பில்லின் மேல் குறுக்குக் கோடு வரவேண்டிய இடத்தில் சாய்ந்த ஆங்கில ‘டி’ (D) எழுத்து வரிசையாக அச்சாகும், பக்கக் கோட்டுக்குப் பதில் சாய்ந்த 3 வரும். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடாதே. குறுக்குக் கோட்டின் எண் 196, நேர்க்கோட்டின் எண் 179. எப்சன் வகைப் பிரிண்டர் இட்டாலிக் அட்டவணையில் இருந்தால் 128-ஐக் கழித்து அந்த எழுத்தைச் சாய்த்துப் போடும். 196-இல் 128 போனால் 68, அது ‘டி’. 179-இல் போனால் 51, அது 3. பேட்ச் ஃபைலில் முதலில் 27, 116, 1 என்ற மூன்று பைட் கொண்ட சிறு ஃபைலை அனுப்பிவிடு, கோடு கோடாக வரும். பில்லின் தொடக்கத்திலேயே புரோகிராம் 27-உம் 64-உம் அனுப்பினால் பிரிண்டர் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அப்போது பிரிண்டரின் செட்டிங்கிலேயே கிராஃபிக்ஸ் அட்டவணைக்கு மாற்ற வேண்டும்.

பக்க நீளம்: 12 அங்குலத் தொடர்தாளில் அங்குலத்துக்கு 6 வரி வீதம் 72 வரி. பிரிண்டர் 66 என்று இருந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு அங்குலம் நகர்ந்துகொண்டே போய், கிழிக்கும் துளை பில்லின் நடுவில் வரும். 27, 67, 72 என்ற மூன்று பைட் அதைச் சரி செய்யும். சாரல் நாளில் தாள் ஈரம் குடித்துப் பல்சக்கரத்தில் சுருண்டுவிடுவதை இங்கே தினம் பார்க்கிறோம், பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வை.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு கம்ப்யூட்டரில் அதே டேட்டாவைத் திறக்கக் கூடாது, லாக்கிங் வசதி இருந்தாலும் கூட. நெட்வொர்க் ஃபோல்டரில் அது நூற்றுக்கு நூறு கைகொடுக்கும் என்று நான் நம்பமாட்டேன். பில் போடுகிறவர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும், பார்க்க விரும்புகிறவருக்குச் சாயந்திரம் நகல் கொடு. நகலை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறக்கலாம். திறந்ததை அதே டிபிஎஃப் மேல் சேமித்து விடாதே, இன்டெக்ஸுக்கும் டேட்டாவுக்கும் உள்ள பொருத்தம் போய்விடும்.

உன் பெரியப்பா காலத்து விவசாயிப் பட்டியல் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்கு வேறு கதி. பாதிப் பெயர் தமிழ், பாதி மலையாளம், இந்திய எழுத்துகளுக்காகக் கம்ப்யூட்டருக்குள் செருகும் சி-டாக்கின் ஜிஸ்ட் கார்டு போட்டு அடித்தது. அந்தக் கார்டை எமுலேட்டரில் செருக முடியாது, அதனால் அங்கே தமிழில் அடிப்பது இனி நடக்காது. ஆனால் பெயர்களை மீட்கலாம். அவை இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி எண்ணில் இருக்கின்றன, 1991-இல் வந்த தரம் அது. அதில் ஒரே ஒலிக்கு எந்த இந்திய மொழி எழுத்திலும் ஒரே எண்தான்: ‘கமலா’ என்றால் 179, 204, 209, 218. டாஸ் திரையில் அது │╠╤┌ என்று வெறும் கோடாகத் தெரியும். மேலே சொன்ன அதே 179, இங்கே அது ‘க’. விண்டோஸ் பவர்ஷெல்லில் அந்த பைட்களை 57004 என்ற கோட் பேஜில் (எழுத்து அட்டவணையில்) படித்தால் தமிழ், 57009-இல் படித்தால் மலையாளம். ஒரே பட்டியலை இரண்டு எழுத்திலும் எடுத்து உன் ஊர்க்காரர்கள் இரண்டு தரப்புக்கும் கொடுக்கலாம் என்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. டிபிஎஃப் தலைப்பில் பைட்களை 0-இலிருந்து எண்ணினால் 8, 9-ஆம் பைட் தலைப்பின் நீளம், 10, 11 ஒரு பதிவின் நீளம், அதை வைத்து வெட்டிக்கொள்ளலாம். பதிவின் முதல் பைட் நட்சத்திரக் குறியாக இருந்தால் அது அழித்த பெயர், சேர்க்காதே. கோடுகளுக்குப் பதில் மேலே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் அது பிசிக்கென்று எண்களை நகர்த்தி வைத்த இஸ்கி. அதை 57004 நேராகப் படிக்காது, முதலில் எண்களைத் திருப்பி நகர்த்த வேண்டும்.

இப்போது ஒரு காரியம் செய். பழைய பெட்டியில் ஒரு பில் அச்சடித்து, அந்தத் தாளையும், புது அமைப்பில் விழுந்த அச்சு ஃபைலையும், விவசாயிப் பட்டியலின் டிபிஎஃப் நகலையும் பென் டிரைவில் போட்டு, செங்கோட்டை வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. எந்த பைட் எங்கே வருகிறது என்று பார்த்து எழுதுகிறேன். அதுவரை பழைய பெட்டியின் மேல் துணி போட்டு மூடி வை, கரண்டை மட்டும் எடுத்துவிடாதே.

உன்,
சிவசாமி