ஆறுதல் பரிசு

அன்புள்ள மகன்,

முழங்கால் போனதோடு பந்து விளையாட்டும் போச்சு, சட்டப் படிப்பு ஆறுதல் பரிசுதான் என்று நேற்று போனில் சொன்னாய். நான் பேசாமல் இருந்துவிட்டேன். கோபம் இல்லையப்பு.

ஒட்டாவாவில் நான் இரவு வேலை செய்த காலத்தில், கூட இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தேத்தண்ணி நேரமெல்லாம் ரொன் ஸ்டுவர்ட் கதைதான் சொல்லுவார். ஒட்டாவா ரஃப் ரைடர்ஸ் என்ற கனடிய ஃபுட்போல் அணியில் 11ஆம் இலக்கம். 1960 ஒக்டோபர் 10, மொன்றியலுக்கு எதிரான ஆட்டம். 15 தடவைதான் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம், 287 யார் தூரம். உங்கள் மைதானத்தின் நீளமே 110 யார்தானே, கணக்குப் போட்டுப் பார். கிழவர் காகிதக் கோப்பைகளை மேசையில் நிரையாக வைத்து, இடுக்குகளால் விரலை ஓட்டிக் காட்டுவார். எனக்கு விளையாட்டு விளங்காது. கோப்பை விழுந்தால் கூட்டுவது நான்தானே என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மிச்சக் கதைக்குத்தான் காது கொடுத்தேன். ஸ்டுவர்ட் சட்டத்தரணியும் கூட. 1977 முதல் 2003 வரை கனடாவின் கூட்டாட்சிச் சிறைகளுக்கு அவர்தான் முறைப்பாட்டு விசாரணையாளர். மறியலில் கிடப்பவன் எழுதியதை வாசித்து, விசாரித்து, அதிகாரிகளிடம் கேள்வி கேட்கிற வேலை. உத்தரவு போட முடியாது, பரிந்துரை மட்டும். பெரும்பாலும் தட்டிக் கழித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். யார் கைதட்டப் போகிறார்கள்? 1994இல் கிங்ஸ்டன் பெண்கள் சிறையில் ஆண் காவலர் அணி உள்ளே புகுந்து பெண்களின் உடுப்பைக் களைந்து சோதித்தது. அடுத்த பெப்ரவரியில் அவருடைய சிறப்பு அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போனது. அப்புறம்தான் நீதிபதி லூயிஸ் ஆர்பரின் விசாரணை எல்லாம். ஸ்டுவர்ட் படித்துப் பந்து விளையாடிய குயின்ஸ் பல்கலைக்கழகமும் அதே கிங்ஸ்டனில்தான்.

பத்தொன்பது வயதில் நான் பதினொரு நாள் அடைபட்டிருந்தேன். உனக்கு முழுதாய்ச் சொன்னதில்லை. பக்கத்தில் இருந்தவன் ஒரு சிகரெட் பெட்டி மட்டையும் துண்டுப் பென்சிலும் தந்தான், எழுது என்று. யாருக்கு எழுதுவது? ஒரு பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று நீ அந்தச் சொல்லைச் சொன்னபோது இந்த மட்டைதான் நினைவுக்கு வந்தது. அதுதான் வாய் வரவில்லை.

அம்மா மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் அனுப்பியிருக்கிறா. முழங்கால் பயிற்சியை விடாதே. சனிக்கிழமை எடு.

அப்பா