ரூம்மேட்டே வீட்டுக்காரன் ஆனா?

ஆசிரியருக்கு வணக்கம். வேளச்சேரில நாங்க நாலு பேரு மூணு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், போன தடவ அக்ரிமெண்ட் முடிஞ்சப்போ ஓனரு "யாராவது ஒருத்தர் பேர்ல போடுங்கப்பா"ன்னு சொல்ல எங்கள்ல ஒருத்தன் பேர்ல போட்டோம், அன்னையிலேர்ந்து அவன்தான் வீட்டுக்காரன். ஒண்ணா தோசை சுட்டுத் தின்னவன் இப்போ ஒண்ணாந்தேதி நாங்க பல்லு வெளக்குறப்பவே வாடகை கேக்குறான், ஓனருக்கு எவ்வளவு போகுதுன்னு கேட்டா மட்டும் பேச்சு மாறுது. போன மாசம் ஒருத்தன் குடுக்க லேட்டாச்சுன்னு அவன் ரூம் ஃப்யூஸையே புடுங்கிட்டான்!

2019ல அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஓனர் எழுத்துல சம்மதிக்காம உள்வாடகைக்கு விட முடியாது, கரண்ட், தண்ணிய நிறுத்தக் கூடாது, நிறுத்துனா வாடகை அதிகாரிகிட்ட மனு குடுக்கலாம். ஆனா எங்க பேரு எந்தப் பேப்பர்லயும் இல்லயே. அட்வான்ஸ்ல எங்க பங்கும் இருக்கு, ரசீது அவன் பேர்ல. நான் ஜிபேல அனுப்புனதாவது போன்ல நிக்குது, மத்தவங்க கையில காசா குடுத்தவங்க. அக்ரிமெண்டை வாடகை அதிகாரிகிட்ட பதியணுமாம், பேச்சிலர் வீட்டுக்கெல்லாம் யாரு சார் பதியுறாங்க? பதியுறப்போ தங்குற எல்லாரு பேரையும் சேக்கணும்னு அரசு ஒரு உத்தரவு போட்டா புண்ணியமா போகும்.

இப்படிக்கு,
ஒரு வாடகைதாரர், வேளச்சேரி