பெடலுக்கு ஒரு கூடு போடுங்கள்: மதுரை டயர் கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாட்டுத்தாவணியிலிருந்து ரிங் ரோடு வழியாகக் கப்பலூர் வரை டயர் கடையும் பஞ்சர் கடையும் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு வணக்கம்.

டயர் கழற்றும் மெஷினில் 19 வருடமாக நிற்கிறேன். புது மெஷின் வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. நம்மில் பல பேரிடம் இருப்பது இரண்டு மூன்று கை மாறி வந்த பழைய மெஷின். அது இன்னும் பல வருடம் உழைக்கும். அதில் நிற்கிறவனின் கைக்குக் கொஞ்சம் காவல் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின வாரம். வாசலில் வேன்கள் வரிசை கட்டி நின்றன. ரிம் சரியாக உட்காரவில்லை என்று என்னோடு நின்ற தம்பி, ரிம்மைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்புக்குள் விரலை விட்டு மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். லீவரை எடுக்க நான் ஒரு எட்டு பின்னால் வைத்தேன். செருப்பு கிளாம்பை இயக்குகிற பெடலில் பட்டுவிட்டது. பெரியாஸ்பத்திரியில் அவனுடைய நடுவிரல் நுனியை எடுத்துவிட்டார்கள். "பார்த்து மிதிக்கக் கூடாதா" என்று முதலாளி கேட்டார். கேட்டது சரிதான், கால் என்னுடையதுதான். ஆனால் அந்தப் பெடலுக்கு மேல் ஒரு தகரம் இருந்திருந்தால் என் கால் தகரத்தில் பட்டிருக்கும்.

அதனால் முதல் வேலை அதுதான். மூன்று பெடலுக்கும் மேலேயும் பக்கத்திலும் மூடி, கால் நுழைய முன்பக்கம் மட்டும் திறந்திருக்கிற மாதிரி கனமான தகட்டில் ஒரு கூடு. புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் எந்த வெல்டிங் பட்டறையிலும் அரை நாளில் அடித்துக் கொடுப்பார்கள். அப்படியே பெடல் ஸ்பிரிங்கையும் பாருங்கள். தொய்ந்த ஸ்பிரிங் இருந்தால் காலை எடுத்த பிறகும் பெடல் திரும்பாது.

அடுத்தது காற்று. டயரை நசுக்கி ரிம்மிலிருந்து பிரிக்கிற தட்டை லேசாக நினைக்காதீர்கள். அதன் சிலிண்டர் 7 அங்குல விட்டம் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ காற்றில் 2 டன் பலத்தோடு அமுக்கும். கம்ப்ரசரை நிறுத்தினாலும் மெஷினுக்குள் அடைபட்ட காற்று அப்படியேதான் இருக்கும். சாதாரண பால் வால்வை மூடினாலும் அதே கதைதான். மூடியதும் உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடுகிற ஸ்லைடு வால்வு ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள். அதைத் தள்ளிவிட்டுத்தான் யாரும் கிளாம்பில் கை வைக்க வேண்டும்.

எனக்கு அதிக பயம் காற்று பிடிக்கும் நேரத்தில்தான். டயரின் உள்விளிம்பான பீடு டப்பென்று ரிம்மில் ஏறும்வரை எல்லோரும் டயர் மேல் குனிந்துதான் நிற்கிறோம். ஏறவில்லையென்றால் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று நிறைய கார் டயர்களின் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. நாம் 60 வரை விட்டுப் பார்க்கிறோம். 16 அங்குல வட்டம் என்றால் சுமார் 200 சதுர அங்குலம். 40 பவுண்டிலேயே மூன்றரை டன்னுக்கு மேல் தள்ளும். பீடு கிழிந்தாலோ, 16 அங்குல டயரைத் தப்பான ரிம்மில் போட்டிருந்தாலோ, அந்தப் பலம் முகத்துக்குத்தான் வரும். ஏறாவிட்டால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி உட்கார வையுங்கள். காற்றுக் குழாயில் ரெகுலேட்டரும், 40-இல் திறக்கிற சேஃப்டி வால்வும் வையுங்கள். கையால் பிடிக்க வேண்டாத கிளிப் நாசிலும் பத்தடிக் குழாயும் இருந்தால் பையன் தள்ளி நின்றே காற்று பிடிக்கலாம்.

ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்தும் லாக் ரிங் என்ற இரும்பு வளையம் போட்ட லாரி டயருக்கு இதெல்லாம் போதாது. இரும்புக் கூண்டுக்குள் வைக்காமல் அதற்குக் காற்று அடிக்கவே கூடாது. மேலூர் பக்கம் கல் லாரிகள் வரும் கடைகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்.

அப்புறம், பின்பக்கம் பெல்ட் மூடி கழன்று கிடந்தால் மாட்டிவிடுங்கள், எர்த் ஒயர் இருக்கிறதா பாருங்கள். கார் மெஷினுக்கு நான் சொன்ன எல்லாம் சேர்ந்தாலும் ஒரு புது கார் டயர் விலைக்குள் அடங்கும் என்பது என் கணக்கு.

அந்தத் தம்பி இப்போதும் என்னோடுதான் வேலை பார்க்கிறான். நட்டைத் திருக இடது கையைத்தான் நீட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எங்களுக்கு வேலை இல்லை. பெடல் கூட்டுக்கு அளவெடுக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், இரண்டு பேருமே வருகிறோம்.

இப்படிக்கு,
ரிங் ரோட்டு டயர் கடைத் தொழிலாளி ஒருவன்