புகார்: நான் ஒப்புதல் தந்தது ஒன்று, நீங்கள் அச்சடித்தது வேறொன்று

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் 5-வது மின்னஞ்சல். முதல் நான்குக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில்தான் வந்தது, நான்கு முறையும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல். என் கார்டையும் அப்படி அச்சடித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

ஆர்டர் விவரமெல்லாம் உங்கள் சிஸ்டத்திலேயே இருக்கும். 1000 விசிட்டிங் கார்டு, 500 லெட்டர்ஹெட். கார்டு எப்போதும் எடுக்கிற அதே மேட் லேமினேஷன்தான். க்ளையன்ட் ஒரு தையலகம் நடத்துகிறவர். லோகோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ஊசியில் கோத்த நூல் அப்படியே வளைந்து 'தை'யின் இணைக்கொம்பாக நிற்கும். அந்த ஒரு வளைவுக்காக மட்டும் 11 வரைவு போட்டேன்.

அந்த லோகோவுக்கு நேர் கீழே, 'தையல் வேலைகள்' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'தயைல் வலேகைள்' என்று அடித்திருக்கிறீர்கள். 1000 கார்டிலும்.

ஃபைலில் தவறு என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் அனுப்பியது பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ, அச்சுக்கென்றே உள்ள ஃபைல் வகை. அதில் ஃபாண்ட் உள்ளேயே பொதிந்துதான் இருக்கும், இல்லையென்றால் அது அந்த வகை ஃபைலே இல்லை. அச்சுக்கு முன் சரிபார்க்க நீங்கள் திருப்பி அனுப்பிய புரூஃபிலும் எழுத்துகள் சரியாகவே இருந்தன. அதைப் பார்த்துத்தான் ஒப்புதல் கொடுத்தேன். அதற்கு அப்புறம் யாரோ அந்த வரியைத் தொட்டிருக்கிறார்கள். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் ஃபைலில் அந்த வரி வெறும் கறுப்பு, கே 100, அதாவது கறுப்பு மை மட்டும். உங்கள் கார்டை 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (உருப்பெருக்கியில்) வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரத்தில் மெஜந்தா எட்டிப் பார்க்கிறது. 7 பாயிண்ட் எழுத்தை நான்கு நிறத்திலும் சேர்த்து அடித்தால் அப்படித்தான் பிசிறும். அதாவது, வரியைப் புதிதாக அடித்து ஒட்டியிருக்கிறீர்கள். கொம்பெல்லாம் தன் எழுத்தை விட்டுவிட்டு அடுத்த எழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். இன்டிசைன் மென்பொருளில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால் இதுதான் நடக்கும் என்பது டிசைன் கற்றுக்கொள்கிறவர்களுக்கே தெரியும்.

டிசைன் கற்றுக்கொள்கிறவர்கள் என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். உங்கள் வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் அந்த நபர் என்னிடம் கேட்டது அதைத்தான். "மேடம், நீங்க டிசைனரா, இல்ல இப்பதான் டிசைன் கத்துக்கிறீங்களா?" 9 வருடமாக இதே வேலையைச் செய்து, இதில்தான் வீட்டு வாடகை கட்டுகிறேன். எழுத்து உடைந்திருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, திரையில் ஆர்ஜிபி, அச்சில் சிஎம்ஒய்கே, அதனால் நிறம் மாறும் என்று 4 நிமிடம் வகுப்பு எடுத்தார். நான் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை ஐயா. கடைசியில், "ஃபைலை ஜேபெக்கா வாட்ஸ்அப்ல போடுங்க, பார்க்கிறோம்" என்றார். அச்சகம் நடத்துகிறீர்கள், வாட்ஸ்அப் படத்தை எவ்வளவு நசுக்கி அனுப்பும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சரி, அவர் புதியவராக இருக்கலாம், வேலைப்பளு இருக்கலாம். உங்கள் ஆட்களோடு எனக்குப் பகை ஒன்றுமில்லை. இதே நிறுவனத்தில் முன்பு எனக்கு நல்ல வேலையும் கிடைத்திருக்கிறது, அதை மறைக்கவில்லை.

ஆனால் அந்த மூன்று பயணங்களை என்ன சொல்ல? "உங்கள் ஆர்டர் கிளைக்கு வந்துவிட்டது" என்று நீங்கள் மெசேஜ் அனுப்பியதால்தான் முதல் நாள் போனேன். வரவில்லை என்றார்கள். இரண்டாம் நாள் ஷட்டர் இறக்கியிருந்தது. மூன்றாம் நாள் பெட்டியைக் கொடுத்தார்கள். போகவர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து டேப்பைக் கிழித்தால், உள்ளே யாரோ ஒரு பல் மருத்துவரின் கார்டுகள்! என் பெட்டி அதற்கு ஒரு வாரம் கழித்து வந்தது. வந்த லட்சணத்தைத்தான் மேலே சொன்னேன்.

கட்டிங்கை விட்டுவிட்டேன். நாலு பக்கமும் 3 மிமீ பிளீட், அதாவது வெட்டுக்கு வெளியே கூடுதல் ஓரம், கொடுத்திருந்தேன். அப்படியும் கட்டின் பாதிக் கார்டுகளில் ஊசியின் முனையைக் காணவில்லை. ஓரத்திலிருந்து 5 மிமீ உள்ளே இருந்த முனை அது.

க்ளையன்ட்டின் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவள்தான் கார்டை முதலில் கையில் எடுத்து, எழுத்துக்கூட்டி, "த... யை... ல்" என்று வாசித்தாள். "அம்மா, தயைல்னா என்ன?" அந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். இதற்கு நீங்கள் என்ன நஷ்டஈடு கொடுக்க முடியும்? என் 9 வருடப் பெயர் அன்றைக்கே போய்விட்டது. அவர் சொல்லி வர இருந்த 20 பேரும் இனி என் பக்கம் வரப்போவதில்லை. ஸ்டூடியோவை மூடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நான் கேட்பது அதிகமில்லை. முதலில் அனுப்பிய அதே ஃபைலை, யாரும் திறந்து 'சரிசெய்யாமல்', அப்படியே அச்சடித்துத் தாருங்கள். இந்த முறை என் ஸ்டூடியோ வாசலுக்குக் கொண்டுவந்து கொடுங்கள், இன்னொரு முறை நான் பஸ் ஏற மாட்டேன். அப்புறம், "தரத்துக்காக இந்த அழைப்பு பதிவுசெய்யப்படுகிறது" என்கிறீர்களே, அந்தப் பதிவை நீங்களே ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். அந்த நபர் என்னை அழைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். மறு அச்சைவிட இதுதான் எனக்கு முக்கியம், இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும்.

க்ளையன்ட் நல்லவர், அடுத்த வெள்ளிக்கிழமைவரை பொறுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். எனக்கும் அதுதான் கெடு. அதற்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். ஒப்புதல் தந்த புரூஃப், அச்சான கார்டு, லூப்பில் எடுத்த படம், உங்கள் மெசேஜ்கள் எல்லாம் தேதிவாரியாக வைத்திருக்கிறேன். எங்களைப் போன்ற சிறு ஸ்டூடியோக்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றும் இருக்கிறது, அதில் இன்னும் வாய் திறக்கவில்லை. திறக்க வைக்காதீர்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
9 வருட வாடிக்கையாளர்

பி.கு.: அந்தப் பல் மருத்துவரின் பெட்டி இன்னும் என் மேசைக்கடியில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, டிக்கெட் எண் (புகார் எண்) இல்லாமல் வாங்க மாட்டோம் என்றார்கள். அவருக்காவது ஒரு டிக்கெட் எண் போட்டுக் கொடுங்கள்.